செக் நாட்டுப் பழைய ஓபரா தட்டுகள்: கோளாறு குரலிலா, குழாயிலா?

முதலில் ஒரு எச்சரிக்கை. கீழே வரும் 'ஆரியா'வுக்கும் நடிகர் ஆர்யாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில், கதை ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு பாத்திரம் தனியாக நின்று மனதில் இருப்பதைக் கொட்டிப் பாடுகிற பாட்டுக்குப் பெயர் ஆரியா. நூறு வருடங்களுக்கு முன்னால் செக் பாடகர்கள் இந்த ஆரியாக்களைக் கிராமபோன் தட்டுகளில் பாடி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டுகளைப் பற்றித்தான் சண்டை.

கிராமபோன் தட்டுக்கெல்லாம் என்ன சண்டை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தத் தட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், தீர்ப்புகள் தயாராக வந்து விழும். "சோப்ரானோ பெண் குரலெல்லாம் கீச்சுக் கீச்சென்று இருக்கிறது. அந்தக் காலத்தில் யாருக்கும் பாடத் தெரியவில்லை" என்பது ஒன்று. "வெர்டியைச் செக் மொழியில் பாடினால் அது ஓபராவா?" என்பது இன்னொன்று. கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "ஓ, எம்மி டெஸ்டினா? கரூசோவோடு சேர்ந்து பாடிய அம்மாதானே?" என்பார். இதில் மூன்றாவதுதான் ரொம்பக் கொடுமை. ஒரு மனுஷியின் வாழ்நாள் உழைப்பை இன்னொருத்தரின் பின்குறிப்பாக மாற்றிவிடும் வேலை அது.

கீச்சுக் குரல் விவகாரத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

1925க்கு முன்னால் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் கிடையாது. மின்சாரத்துக்கே அங்கே வேலை இல்லை. சுவரிலிருந்து ஒரு தகரக் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பாடகர் அதற்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வு கூம்பின் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகில் கோடு கிழிக்கும். அவ்வளவுதான் மொத்த விஞ்ஞானமும். குரலின் பலம் மட்டும்தான் ஊசியைத் தள்ளியது. உச்ச ஸ்தாயி வரும்போது பாடகர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊசி தறிகெட்டு ஓடிவிடும். அடங்கிய குரல் வரும்போது மறுபடி கூம்புக்குள் நுழைய வேண்டும். மேடையில் காதல் தோல்வியில் உருகுகிற நாயகி, இங்கே ஒரு குழாய்க்கு முன்னால் கோழி மாதிரி கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூட வாசிக்க முழு வாத்தியக்குழுவுக்கும் இடமில்லை. வயலினின் சத்தம் கூம்புக்கு எட்டாது என்பதால், மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வைத்துச் சமாளித்தார்கள். டபுள் பேஸுக்குப் பதிலாக ட்யூபாவை ஊதினார்கள். பதிந்த மெழுகை உடனே போட்டுக் கேட்டுப் பார்க்கவும் முடியாது, கேட்டால் மெழுகு பாழ். தப்பு வந்தால் முதலிலிருந்து பாட வேண்டியதுதான். வெட்டி ஒட்டும் சமாசாரமெல்லாம் கனவில்கூட இல்லை.

இப்போது விஷயத்தின் மையம். இந்தக் கூம்பு எல்லாக் குரலையும் ஒரே மாதிரி பிடிக்காது. நடுவில் ஒரு பட்டையை மட்டும் நன்றாக வாங்கிக்கொள்ளும். அடியில் உள்ளதும் போய்விடும், மேலே சுமார் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஹெர்ட்ஸுக்கு அப்பால் உள்ளதும் போய்விடும். ஒரு டெனரின் குரலுக்கு இது வசதி. அடிப்படைச் சுரம், அதன் மேல் அடுக்கடுக்காக எழும் உபசுரங்களில் கணிசமானவை, எல்லாம் அந்தப் பட்டைக்குள் அடங்கிவிடும். பேஸ் குரலுக்கு அடிப்படைச் சுரமே பல இடங்களில் காணாமல் போகும். ஆனால் கேட்பவரின் மூளை, மேலே உள்ள உபசுரங்களை வைத்துக் கீழே விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். (கைக்குள் அடங்குகிற குட்டி ரேடியோவில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இதனால்தான்.) சோப்ரானோ பாவம். உச்ச ஸ்தாயி 'ஸி' சுரமே ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ். அதன் முதல் உபசுரமே கூம்பின் எல்லையில் நொண்டும், அடுத்தது வெளியிலேயே நின்றுவிடும். குரலின் சதை போய் எலும்பு மட்டும் பதிவாகிறது. அந்த எலும்பைக் கேட்டுவிட்டுத்தான் "கீச்சுக் குரல்" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

1914இல் எம்மி டெஸ்டினும் கரூசோவும் சேர்ந்து பாடிய ஒரு தட்டு இருக்கிறது. கார்லோஸ் கோமெஸின் 'இல் குவரானி' ஓபராவில் வரும் ஜோடிப் பாட்டு. கேட்டுப் பாருங்கள். கரூசோ பக்கத்து அறையில் நிற்பது போலவும், டெஸ்டின் தெருமுனையில் நிற்பது போலவும் கேட்கும். இதை வைத்து "பார்த்தீர்களா, கரூசோ எங்கே, இந்த அம்மா எங்கே" என்று சொல்பவர்களுக்கு ஒரே கேள்வி. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவின் அத்தனை பெரிய அரங்கில், முழு வாத்தியக்குழுவுக்கு மேலாக, மைக் இல்லாமல் அதே கரூசோவுக்கு எதிரே நின்று அந்த அம்மா வருஷக்கணக்கில் பாடியது எப்படி? 1908இல் 'ஐடா'வில் அங்கே அறிமுகமானார். அதே இரவில் மெட்ரோபாலிடனில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் டாஸ்கனினி. 1910 டிசம்பர் 10 அன்று புச்சினியின் 'மேற்கின் பொன் மங்கை' உலகில் முதன்முறையாக அங்கே அரங்கேறியபோது கதாநாயகி மின்னியாக நின்றவர் இவர்தான். தெருமுனைக் குரலை வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வர முடியுமா? கூம்பு டெனர் கட்சி. அதை நடுவராக உட்காரவைத்தால் தீர்ப்பு இப்படித்தான் வரும்.

சரி, கூம்பின் பாவத்துக்கு இப்போது யாரும் பொறுப்பில்லை. ஆனால் அடுத்த பாவம் இன்றைக்கும் நடக்கிறது. அதற்கு மன்னிப்பே கிடையாது.

பழைய தட்டு என்றாலே '78' என்று பெயர் விழுந்துவிட்டது, நிமிடத்துக்கு 78 சுற்று என்று. இந்த 78 ஏறக்குறைய பொது அளவாக நிலைத்ததே 1920களின் நடுவில்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஏன், ஒரே கம்பெனியின் வெவ்வேறு நாட்களுக்குமே வேகம் மாறும். 70ம் உண்டு, 74ம் உண்டு, 80க்கு மேலும் உண்டு. 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் என்ன ஆகும்? கணக்குப் போடலாம். ஐந்தரை சதவிகிதம் வேகம் கூடுகிறது. சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். ஏறுவது சுருதி மட்டுமல்ல. குரலின் இயல்பான அதிர்வும் வேகமெடுத்து ஆட்டுக்குட்டி கத்துவது போல ஆகும். 'ஆ' என்பது 'ஏ' பக்கம் சாயும். நடுவயதுப் பெண் பள்ளிக்கூடப் பிள்ளை ஆகிவிடுவார். பிறகு அதையே கேட்டுவிட்டு, "பாருங்கள், அந்தக் காலப் பாடகர்களுக்குக் குரல் நடுக்கம் அதிகம்" என்று ஆராய்ச்சி வேறு!

இதைச் சரிசெய்வது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஆனால் மெனக்கெட வேண்டும். ஓபராவின் இசைக் குறிப்பைப் பார்த்து எந்தச் சுருதியில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தச் சுருதி வரும்வரை வேகத்தைக் குறைக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தங்கள் வசதிக்காக அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடும் பழக்கம் அன்றைக்குச் சகஜம். அதனால் அதே நாளில் அடுத்தடுத்து பதிவான தட்டுகளின் வரிசை எண்ணைப் பிடித்து, எந்த வேகத்தில் எல்லாப் பாட்டும் நியாயமான சுருதியில் வருகிறது என்று ஒப்பிட வேண்டும். குரலின் நிறத்தையும் கேட்க வேண்டும். பதே கம்பெனித் தட்டு என்றால் இன்னொரு கூத்து. அதில் ஊசி பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் ஆடும். நீல மணிக்கல் முனைதான் போட வேண்டும். பல தட்டுகள் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் ஓடும். சாதாரண இரும்பு ஊசியைப் போட்டால் தட்டு காலி.

1994இல் செக் நிறுவனமான சுப்ராஃபோன் டெஸ்டினின் பதிவுகளை முழுத் தொகுப்பாக 12 குறுந்தகடுகளில் வெளியிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அதற்கு நேர் எதிரானது மலிவு விலைத் தொகுப்பு வியாபாரம். எந்தத் தட்டானாலும் 78இல் ஓட்டு, கணினியில் 'இரைச்சல் நீக்கு' பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கு, அட்டையில் 'டிஜிட்டல் முறையில் மெருகேற்றப்பட்டது' என்று போடு, முடிந்தது. இந்த இரைச்சல் நீக்கும் வேலை செக் மொழிக்குச் செய்கிற அநியாயம் தனி ரகம். செக் மெய்யெழுத்துகளால் ஆன மொழி. கழுத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'க்ர்க்', உயிரெழுத்தே கிடையாது! ஸ், ஷ், ச் போன்ற ஒலிகள் வசிப்பது மேல் அலைவரிசையில். ஊசி உரசும் சத்தம் வசிப்பதும் அங்கேதான். கூம்பே பாதியைத் தின்றுவிட்டது. மிச்சமிருந்த பாதியை இரைச்சலோடு சேர்த்துக் கணினி துடைத்துவிடுகிறது. கடைசியில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுவது போல ஒரு வழுவழுப்பு. பிறகு "உச்சரிப்பு தெளிவில்லை" என்று பாடகர் மேல் பழி. இரைச்சலோடு கேளுங்கள் மக்களே. இரண்டு நிமிடத்தில் காது பழகிவிடும். மழை பெய்யும்போது பேசிக்கொள்வதில்லையா?

இந்த இடத்தில் பழைய தட்டு பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. "அது பொற்காலம், இன்றைக்கு எவனுக்கும் பாட வராது" என்று கிளம்பாதீர்கள். அந்தத் தட்டுகளில் சுருதி விலகல் இருக்கிறது, தாளம் தப்பிய வாத்தியங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் மூன்று, நாலு நிமிடம்தான் கொள்ளும் என்பதால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போல ஓடும் பாட்டுகளும், நடுவில் வெட்டுப்பட்ட பாட்டுகளும் ஏராளம். அந்த அவசரத்தை 'அக்காலப் பாணி' என்று யாராவது மெச்சினால் நம்பாதீர்கள், அது கடிகாரத்தின் பாணி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் பழக்கம் மட்டும் நிஜமாகவே அக்காலத்து அழகுதான். இன்றைய மேற்கத்தியக் காதுகள் அதைக் கேட்டுச் சிரிக்கின்றன. ஜாருவும் கமகமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அடுத்தது மொழிச் சண்டை. வெர்டியைச் செக்கில் பாடினால் போலியா?

இப்படிக் கேட்பவர்கள், ஓபராவை எழுதிய மொழியிலேயே பாட வேண்டும் என்கிற சட்டம் ஆதிகாலத்திலிருந்து இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் பெர்லின் அரசவை ஓபராவில் எல்லாம் ஜெர்மனில், பாரிசில் பிரெஞ்சில். வாக்னரின் 'லோஹன்கிரின்' 1871இல் இத்தாலியின் பொலோனாவில் இத்தாலிய மொழியில்தான் நடந்தது. வெர்டியே 'டான் கார்லோஸ்' ஓபராவை 1867இல் பாரிசுக்காகப் பிரெஞ்சில்தான் எழுதினார். 1908இல் டெஸ்டின் பெர்லினில் முழு 'கார்மென்' ஓபராவையும் தட்டுகளில் பதிவு செய்தார். ஸ்பெயினில் நடக்கும் கதை, பிரெஞ்சு இசை, செக் பாடகி, மொழி ஜெர்மன்! அதைக் கேட்டு அன்றைக்கு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. செக் என்றால் மட்டும் ஏன் சுளிக்க வேண்டும்?

பிராக் நகரத்தில் இது வெறும் ரசனை விஷயமும் இல்லை. 1918 வரை அந்த நாடு ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. ஜெர்மன் அதிகாரத்தின் மொழி. செக் மக்கள் வசூல் செய்து கட்டிய தேசிய நாடக அரங்கம் 1881இல் திறந்து, அதே வருடம் தீப்பிடித்து எரிந்து, மறுபடி வசூல் செய்து 1883இல் மீண்டும் திறந்தது. ஜெர்மன் பேசுபவர்கள் 1888இல் தங்களுக்குத் தனி அரங்கம் கட்டிக்கொண்டார்கள். ஒரே ஊரில் இரண்டு மொழி, இரண்டு ஓபரா. அங்கே ஒரு பாடகர் எந்த மொழியில் வாயைத் திறக்கிறார் என்பதே ஒரு அறிக்கை. தேசிய அரங்கின் மேல்மாடியில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு வெர்டியின் நாயகி தன் தாய்மொழியில் அழுதாள். அந்தத் தட்டைப் போலி என்று தள்ளினால், அவள் அழுததும் அவன் கேட்டதும் போலி என்று ஆகிவிடும்.

நிஜமான தலைகீழ்க் காட்சி வேறு இடத்தில் நடந்தது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1909இல் நியூயார்க்கில் ஸ்மெடனாவின் 'விற்கப்பட்ட மணமகள்' மேடையேறியது. செக் ஓபராக்களிலேயே செக் ஓபரா. கதாநாயகி பிராகில் பிறந்த டெஸ்டின். இசையை நடத்தியவர் பொஹிமியக் கிராமத்தில் பிறந்த குஸ்டாவ் மாலர். பாடிய மொழி? ஜெர்மன். 1924இல் அதே அரங்கில் யனாச்செக்கின் 'யெனூஃபா'. யனாச்செக் வாழ்ந்த பர்னோ நகரத்திலேயே பிறந்த மரியா யெரிட்சா கதாநாயகி. அதுவும் ஜெர்மனில். தூய்மைவாதிகள் கோபப்பட வேண்டுமானால் இங்கே கோபப்படட்டும்.

பெயர்களையும் பாருங்கள். தட்டின் லேபிளில் 'கார்ல் பர்ரியன்' என்று இருக்கும். ஆள் யார்? கரெல் புரியன், 1905இல் டிரெஸ்டனில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' அரங்கேறியபோது முதல் ஹெரோதாக நின்ற செக் டெனர். 'வில்ஹெல்ம் ஹெஷ்' என்பவர் விலேம் ஹெஷ், 1896 முதல் 1908இல் சாகும்வரை வியன்னா அரசவை ஓபராவின் பேஸ். 'எம்மி டெஸ்டின்' பிறந்தபோது எமிலி கிட்லோவா. டெஸ்டின் என்பது பாட்டு ஆசிரியை மரி லோவே-டெஸ்டினிடமிருந்து மரியாதையாக எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் செக் விடுதலைக்காரர்களோடு தொடர்பு என்று சொல்லி ஆஸ்திரிய அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்து, ஸ்ட்ராஷ் நாட் நெஷார்கோவில் இருந்த அவருடைய மாளிகையிலேயே அடைத்து வைத்தது. உச்சத்தில் இருந்த குரலுக்கு வீட்டுச் சிறை. போர் முடிந்து வெளியே வந்தவர் தன்னை எமா டெஸ்டினோவா என்று செக் முறையில் அழைத்துக்கொண்டார். அவரே மாற்றிக்கொண்ட பெயரை இன்னும் பாதிப் பட்டியல்கள் மாற்றவில்லை. 'ஜெர்மன் சோப்ரானோ' என்று அடைமொழி வேறு.

மறுபக்கமும் எச்சரிக்கை தேவை. பிறந்த ஊரைப் பார்த்து எல்லாரையும் செக் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. லியோ ஸ்லெசாக் மொராவியாவின் ஷும்பெர்க்கில் பிறந்தவர், 1896இல் பர்னோவில்தான் முதல் மேடை. ஆனால் அவர் ஜெர்மன் உலகத்தின் பாடகர். ('லோஹன்கிரின்' நாடகத்தில் அன்னப் படகு அவரை ஏற்றாமலே கிளம்பிப் போய்விட, "அடுத்த அன்னம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டதாகக் கதை சொல்வார்களே, அந்த ஆள்.) இந்தக் குழப்பத்தைக் குழப்பமாகவே வைத்துக்கொள்வதுதான் நேர்மை. பேரரசு அப்படிக் கலந்துகட்டித்தான் இருந்தது. தட்டுகளின் பயணமே அப்படித்தான். 1902 ஏப்ரலில் மிலானில் கரூசோவைப் பதிவு செய்த ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் அதே வருடக் கடைசியில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அந்தக் கல்கத்தா மெழுகுகள் தட்டாக அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில்.

டெஸ்டினைச் செக் நாடு மறக்கவில்லை என்று சொல்வார்கள். உண்மைதான், 2000 கொருனா நோட்டில் அவர் முகம் இருக்கிறது. ஒரு மௌனப் படத்துக்காகச் சிங்கக் கூண்டுக்குள் நின்று பாடினார் என்கிற கதையும் எல்லாருக்கும் தெரியும். (மௌனப் படத்துக்குப் பாட்டு. சிங்கங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும் :-) ) முகம் தெரியும், சிங்கம் தெரியும். ஆனால் ஹூபிச்காவும் ருசால்காவும் அந்தக் குரலில் எப்படி இருக்கும் என்று கேட்டால்?

முகம்கூட மிஞ்சாதவர்களும் உண்டு. ஒட்டகர் மர்ஷாக் என்று ஒரு டெனர். 'செக் கரூசோ' என்றே பட்டம். (இதிலும் கரூசோ!) பிராக் தேசிய அரங்கின் நட்சத்திரம், தட்டு தட்டாகப் பாடித் தள்ளியவர். பின்னாளில் அமெரிக்காவில் குடியேறி, கையில் காசில்லாமல், சிகாகோ தெருவில் செய்தித்தாள் விற்றார். ஊரார் பணம் திரட்டிப் பிராகுக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். 1939இல் அங்கேயே இறந்தார். அவர் பாடிய தட்டுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்டன, காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். தேடி எடுத்துப் போடுங்கள். குரல் ஆட்டுக்குட்டி மாதிரி கேட்டால், திட்டுவதற்கு முன்னால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.